சேல் சீமாட்டியும் பனியில் விடப்பட்ட பெண்களும்

(விமான் நகரில் நடைபெற்ற சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் துணி துவைக்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். போர்க்களத்துக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்படி சங்கத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். வேலு நாச்சியாரும் ஜான்சி ராணியும் உங்கள் பிள்ளைகளுக்கே தெரிந்தவர்கள். ஆகவே வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அவர் மதராசில் பிறந்தவர். ஆனால் தமிழச்சி அல்ல. வெள்ளைக்காரப் படை அதிகாரி ஒருவரின் மனைவி.

வெள்ளைக்காரச் சீமாட்டியின் கதை நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்விதான். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள் தோழரே. ஒரு பக்கம் லோகேகான் விமானப்படைத் தளம். இன்னொரு பக்கம் நகர் ரோடு. அந்த ரோட்டில் நேரே போனால் 1818 ஜனவரி முதல் தேதி சண்டை நடந்த கோரேகான். அந்தப் பக்கம் போனால் கிர்க்கி. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை 1869 முதல் இருக்கிறது. இது பட்டாளத்து ஊர். பட்டாளம் இருக்கும் இடத்தில் அதற்குச் சமைக்க, துவைக்க, சுமக்க ஆள் வேண்டும். நம்மவர்களில் பல பழைய குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். ஆகவே பட்டாளத்தின் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மதராசில் பிறந்தவர்

அந்தப் பெண்ணின் பெயர் ஃபுளோரென்ஷியா வின்ச். 1790 ஆகஸ்ட் 13ஆம் தேதி மதராசில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கும்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். பாட்டனார் அலெக்சாண்டர் வின்ச் 1773 முதல் 1775 வரை மதராசின் கவர்னராகவே இருந்தவர். அதாவது நம் தஞ்சாவூரும் ஆற்காடும் யார் கையில் இருக்க வேண்டும் என்று கோட்டைக்குள் உட்கார்ந்து முடிவு செய்த கூட்டத்தில் பிறந்த பெண்.

1809இல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராபர்ட் ஹென்றி சேல் என்ற காப்டன். இவர் யார்? 1799இல் திப்பு சுல்தான் மாண்டாரே, அந்த ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் இருந்தவர். பிறகு வயநாட்டுக் காடுகளில் பழசி ராஜாவுக்கு எதிராகப் போனவர். 1809இல் திருவாங்கூரில் வேலுத்தம்பி தளவாய்க்கு எதிராக நடந்த போரிலும் இருந்தவர். 1810இல் மொரீஷியஸ் தீவைப் பிடிக்கப் போனவர். 1824 முதல் 1826 வரை நடந்த பர்மா சண்டையிலும் இருந்தார். அந்தப் பர்மாவுக்கு மதராஸ் படையின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். அவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் முஸ்லிம்களும் உண்டு.

தென்னாட்டில் யார் யார் எதிர்த்து நின்றார்களோ அவர்களை அடக்கும் வேலையில்தான் அவர் கணவர் பதவி உயர்ந்தார். இதைச் சொல்லாமல் அந்த அம்மையாரின் வீரத்தைப் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. ஆனால் அவரிடம் வீரம் இருந்தது என்பதை மறைத்தாலும் நேர்மையாகாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பட்டாளத்துக்காரன் மனைவி என்றாலும் எல்லாரும் ஒன்றல்ல. அதிகாரியின் மனைவிக்கு வீடு, வேலைக்காரர்கள், பல்லக்கு. சாதாரண வெள்ளைச் சிப்பாயின் மனைவி கதை வேறு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது நூறு பேர் கொண்ட கம்பெனிக்குப் பன்னிரண்டு மனைவிகளைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். மற்றப் பெண்கள் துறைமுகத்தில் அழுதுகொண்டே நிற்க வேண்டியதுதான். இங்கே வந்தபின் கணவன் செத்தால் சில மாதங்களில் ரேஷன் நின்றுவிடும். அதற்குள் இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது பட்டினி கிடக்க வேண்டும். வெள்ளைத் தோலுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது.

காபூலில் ஒரு காய்கறித் தோட்டம்

1839இல் ஆங்கிலேயர் ஆப்கானிஸ்தானத்தின்மேல் படை எடுத்தார்கள். ஆப்கானியர் இவர்களை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. ருஷ்யா அந்த வழியாக இந்தியாவுக்கு வந்துவிடுமோ என்ற பயம். அதற்காக தோஸ்த் முகமது என்ற அமீரை விரட்டிவிட்டு, லூதியானாவில் கும்பெனிப் பணத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஷா ஷூஜாவைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். செலவு? அதை நம் நாட்டு வரிப்பணத்தின் தலையில் கட்டினார்கள். 1837, 1838இல் வட இந்தியாவில் பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் சாம்பல் ஆறும் முன்பே இந்தப் படையெடுப்பு.

அந்தப் படை புறப்பட்ட விதத்தைக் கேளுங்கள். வங்காளப் படையில் சுமார் 9,500 சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் சுமார் 38,000 பேர். ஒரு சிப்பாய்க்கு நாலு பேர்! யார் இவர்கள்? சமையல்காரர், வண்ணார், நாவிதர், தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, குதிரைக்காரன், புல்லறுப்பவள், டோலி தூக்குபவன், தோட்டி, கடை போடுபவன், சிப்பாய்களின் பெண்டாட்டி பிள்ளைகள். ஒரு ரெஜிமெண்டில் அதிகாரிகளின் சுருட்டைச் சுமக்க மட்டும் இரண்டு ஒட்டகங்கள் போயினவாம். புல்லறுப்பவளின் குழந்தை அவள் இடுப்பில் போயிற்று.

கஜ்னி கோட்டையைப் பிடித்தபோது சேலுக்கு முகத்தில் வாள்வெட்டு. கூடவே சர் பட்டம். அதனால்தான் அவர் மனைவி லேடி சேல், சேல் சீமாட்டி ஆனார். 1840இல் சீமாட்டி தம் மகள் அலெக்சாண்ட்ரினாவோடு காபூல் போய்ச் சேர்ந்தார். பட்டாளத்து வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். பட்டாணி, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, வாசனைப் பூக்கள். ஆப்கான் பிரபுக்கள்கூட வந்து பார்த்து வியந்தார்களாம். 1841இல் மகளுக்கு அங்கேயே கல்யாணம். மருமகன் ஜான் ஸ்டர்ட், பொறியாளர் பிரிவு அதிகாரி. வேறொருவர் வீட்டைப் பிடித்துக்கொண்டு அதன் முற்றத்தில் நாற்று நட்டது போன்ற வாழ்க்கைதான் அது. ஆனால் அந்த அம்மையாருக்கு அது வீடாகவே தெரிந்தது.

கூரைமேல் நின்ற பெண்

ஆட்சி நடத்தப் பணம் போதவில்லை. எங்கே வெட்டினார்கள் தெரியுமா? கணவாய் வழியைக் காத்துக்கொடுத்த கில்ஸாய் இனத்துத் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள். அதை 40,000 ஆகப் பாதியாக்கினார்கள். பேசிய கூலியைப் பாதியாக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் மூடிக்கொண்டது. அதைத் திறப்பதற்காக 1841 அக்டோபரில் சேலும் அவர் படையும் அனுப்பப்பட்டார்கள். வழியெல்லாம் சண்டை போட்டு நவம்பர் நடுவில் ஜலாலாபாத் போய்ச் சேர்ந்தவர்களால் திரும்பி வர முடியவில்லை. கணவன் அங்கே, மனைவி இங்கே.

நவம்பர் 2ஆம் தேதி காபூல் எழுந்தது. அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற பெரிய அதிகாரி தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். மருமகன் ஸ்டர்ட்டுக்குக் கத்திக்குத்து; எப்படியோ பிழைத்தார். பட்டாளத்தின் தானியம் முழுவதும் முகாம் மதிலுக்கு வெளியே வேறொரு சிறு கோட்டையில் இருந்தது. சோற்றுப் பானையைத் தெருவில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொள்வார்களா? நாலைந்து நாளுக்குள் அது பறிபோயிற்று. தளபதி எல்பின்ஸ்டன் வயதானவர். வாத நோயால் நடக்க முடியாதவர். அவருக்கு அடுத்த பிரிகேடியருக்கும் அவருக்கும் பேச்சே ஒத்துப்போகவில்லை.

இந்த அம்மையார் என்ன செய்தார்? தினமும் தம் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, புகைபோக்கிகளுக்குப் பின்னால் நின்று, குண்டுகள் பறக்க, நடப்பதை எல்லாம் பார்த்தார். இரவில் உட்கார்ந்து எழுதினார். எந்த அதிகாரி எங்கே தவறு செய்தான், எத்தனை நாளுக்கு மாவு இருக்கிறது, யார் பயந்தான், யார் நின்றான் என்று ஒளிக்காமல் எழுதினார். பெண்ணுக்கு ராணுவ விஷயம் என்ன தெரியும் என்று சொல்லும் காலம் அது. ஆனால் அன்றைய தளபதிகளைவிட நிலைமையைத் தெளிவாகக் கண்டவர் அவர்தான் என்று அந்தக் குறிப்புகளைப் படிக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

டிசம்பரில் இன்னொரு பேச்சு வந்தது. குடும்பத்தோடு இருக்கும் அதிகாரிகள் தம் மனைவி மக்களைப் பணயமாக விட்டுச் செல்ல வேண்டும் என்று ஆப்கான் தலைவர்கள் கேட்டார்கள். சம்மதித்து இருப்பவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தருவதாக ஆங்கிலத் தலைமையே விலை பேசியது. அந்தப் பேரம் அப்போது நடக்கவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி கும்பெனியின் பிரதிநிதி மக்நாட்டனும் கொல்லப்பட்டார். காபூலை விட்டுப் போவதற்கு ஒப்பந்தம் ஆயிற்று.

ஜனவரி 6 முதல் 13 வரை

1842 ஜனவரி 6ஆம் தேதி காலை கூட்டம் புறப்பட்டது. சீமாட்டியின் வீட்டில் கடைசிச் சாப்பாடு அவர்களுடைய மகாகனி மேசையை வெட்டி எரித்துச் சமைத்தது. வெளியே தரையெல்லாம் பனி. சிப்பாய்கள் சுமார் 4,500 பேர். அதில் வெள்ளையர் சுமார் 700, மற்றவர் எல்லாம் இந்தியர். இவர்களோடு பின்தொடர்ந்தவர்கள் சுமார் 12,000 பேர். போக வேண்டிய இடம் ஜலாலாபாத். தூரம் சுமார் 145 கிலோமீட்டர். ஏறக்குறைய பூனாவிலிருந்து பம்பாய் போகிற தூரம். இடையில் கண்டாலா மலைபோல் ஒன்றல்ல, கணவாய்க்கு மேல் கணவாய்.

போகும் முன்பு போட்டிங்கர் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார். பழைய குதிரைக் கம்பளிகளைக் கிழித்து, ஆப்கானியர் செய்வது போல் எல்லாருடைய காலிலும் சுற்றிக் கட்டச் சொல்லலாம் என்றார். செலவில்லாத யோசனை. மேலிடம் கேட்கவில்லை. முதல் இரவிலேயே கால்கள் மரத்து, கறுத்துப்போக ஆரம்பித்தன. சமவெளியிலிருந்து வந்த மக்கள்; பருத்தித் துணி உடுத்தவர்கள். காலையில் பலர் எழுந்திருக்கவே இல்லை. மாடியிலிருந்து விழுபவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு கட்டாத மேஸ்திரியை நாம் இங்கே பார்த்திருக்கிறோம். அந்த மேஸ்திரியின் பாட்டன் அன்று காபூலில் தளபதியாக இருந்தான் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள், ஜனவரி 8. குர்த் காபூல் கணவாய். இருபுறமும் செங்குத்தான மலை. நடுவே ஓர் ஓடை. அதைத் திரும்பத் திரும்ப இருபத்தெட்டு முறை கடக்க வேண்டும். மலைமேல் துப்பாக்கிகள். அன்று காலை குளிர் தாங்காமல் சீமாட்டி ஒரு தம்ளர் ஒயின் குடித்தார். வேறு நாளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு குதிரையைத் தட்டிவிட்டார். ஒரு குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. இன்னும் மூன்று குண்டுகள் அவர் போட்டிருந்த ஆட்டுத்தோல் அங்கியைத் துளைத்துப் போயின. அவருக்கு அப்போது வயது 51. மருமகன் ஸ்டர்ட்டுக்கு வயிற்றில் குண்டு. மறுநாள் அவர் இறந்துபோனார். மகள் அப்போது கர்ப்பிணி. அந்தக் கலவரத்திலும் குழி தோண்டி மருமகனை முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

அந்த ஒரு நாளில் அந்தக் கணவாயில் மட்டும் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். அவர்களுக்கு யாரும் குழி தோண்டவில்லை.

யாரை ஒப்படைத்தார்கள், யாரை விட்டார்கள்

மறுநாள், ஜனவரி 9. அமீரின் மகன் அக்பர் கான் சொல்லி அனுப்பினான்: பெண்களையும் குழந்தைகளையும் என்னிடம் ஒப்படையுங்கள், காப்பாற்றுகிறேன் என்று. தளபதி சம்மதித்தார். கணவனைப் பறிகொடுத்த மகளோடும் காயம்பட்ட கையோடும் இருந்த தமக்கு யோசிக்கும் நிலையே இல்லை என்று சீமாட்டி எழுதுகிறார். அதிகாரிகளின் மனைவிமார், குழந்தைகள், கணவன்மாரில் சிலர் என்று ஒரு சிறு கூட்டம் குதிரை ஏறிப் போயிற்று. அக்பர் கான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவர்களில் அநேகமாக எல்லாரும் பிழைத்தார்கள்.

தாய்மார்களே, இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பெண்களும் குழந்தைகளும் என்று சொன்னார்கள். எந்தப் பெண்கள்? எந்தக் குழந்தைகள்? அந்தப் பனியில் அப்போது சிப்பாய்களின் மனைவிகள் இருந்தார்கள். வண்ணாத்திகள் இருந்தார்கள். புல்லறுக்கும் பெண்கள் இருந்தார்கள். ஆயாக்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் மடியில் பிள்ளை இருந்தது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர் யார்? அந்தச் சொல்லுக்குள் இவர்கள் அடங்கவே இல்லை.

காலின் மெக்கென்சி என்று ஓர் அதிகாரி. நம்முடைய மதராஸ் படையைச் சேர்ந்தவர். நெஞ்சில் ஈரம் உள்ளவர். பனியின் நடுவே சுமார் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றைப் பார்த்தார். இந்தியக் குழந்தை. உடம்பில் துணியில்லை. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. உட்கார்ந்திருக்கத் தெரிந்த வயது, உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொள்ள அவர் மனம் துடித்தது. ஆனால் அதே நிலையில் அத்தனை குழந்தைகளை வழியில் பார்த்துவிட்டதால், எதைத் தூக்குவது என்று விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதை அழைத்த தாய் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் எந்த ஊர்க்காரி, என்ன வேலைக்குப் பட்டாளத்தோடு வந்தாள், எங்கே விழுந்தாள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஜனவரி 13ஆம் தேதி கந்தமக் குன்றின்மேல் கடைசியாக மிஞ்சிய சிறு கூட்டமும் வெட்டி வீழ்த்தப்பட்டது. அதே நாள் பிரைடன் என்ற டாக்டர் சாகப்போகிற குதிரைமேல் ஜலாலாபாத் வாசலுக்கு வந்து சேர்ந்தார். பதினாறாயிரம் பேரில் ஒருவர்தான் பிழைத்தார் என்று பிற்பாடு கதை பரவியது. படம்கூட வரைந்தார்கள். அது உண்மையல்ல. இந்தியச் சிப்பாய்களிலும் வேலையாட்களிலும் பலர் பிழைத்தார்கள். ஆனால் எப்படி? கையும் காலும் பனியில் அழுகி உதிர, காபூல் கடைத்தெருவில் பிச்சை எடுத்தார்கள். பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். எட்டு மாதம் கழித்து வந்த படை அவர்களைத் தெருவில் கண்டது. அவர்கள் பிழைத்ததைக் கணக்கில் சேர்க்காததால்தான் ஒருவர் மட்டும் பிழைத்தார் என்று சொல்ல முடிந்தது.

ஒன்பது மாதச் சிறை

சீமாட்டியின் சிறைவாசம் சுமார் ஒன்பது மாதம். கோட்டை கோட்டையாக மாற்றினார்கள். சிறைக்குப் போகும் வழியெல்லாம், துணி உரியப்பட்ட பிணங்களின் நடுவே குதிரையை நடத்திக்கொண்டு போனார். பிப்ரவரி 19ஆம் தேதி பெரிய பூகம்பம். மாடியில் நின்றிருந்தவர் கட்டடம் இடிவதற்குள் தப்பினார். தளபதி எல்பின்ஸ்டன் ஏப்ரலில் சிறையிலேயே இறந்தார். ஜூலையில் மகள் அலெக்சாண்ட்ரினா பெண்குழந்தை பெற்றாள். இத்தனைக்கும் நடுவில் சீமாட்டி எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதிய தாள்களைப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். கணவருக்கு இரகசியமாகக் கடிதம் அனுப்பினார்.

ஆகஸ்ட் கடைசியில் கைதிகளைப் பாமியானுக்குக் கொண்டுபோனார்கள். துருக்கிஸ்தானத்தில் விற்றுவிடப் போகிறார்கள் என்ற பயம். அப்போது காவல் தலைவன் சாலே முகமதுவோடு கைதிகள் பேரம் பேசினார்கள். விட்டுவிட்டால் 20,000 ரூபாய் ரொக்கம், மாதம் 1,000 ரூபாய் பென்ஷன். அவன் ஒப்புக்கொண்டான். செப்டம்பர் 17ஆம் தேதி வழியில் ஆங்கிலேயரின் குதிரைப்படைத் துணை வந்து சேர்ந்தது. 20ஆம் தேதி சேலே வந்துவிட்டார். பதினோரு மாதத்துக்குப் பிறகு மனைவியைக் கண்ட அந்தக் கிழச் சிப்பாய்க்குப் பேச நா எழவில்லை.

பிறகு என்ன? பழிவாங்க வந்த படை காபூலின் பெரிய கடைத்தெருவை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அக்டோபரில் திரும்பியது. எந்த அமீரை விரட்டினார்களோ அதே தோஸ்த் முகமது 1843இல் மீண்டும் பட்டம் ஏறினார். இத்தனை உயிரும் இத்தனை பணமும் எதற்காக என்று கேட்டால் விடை இல்லை.

சீமாட்டியின் நாட்குறிப்பு 1843இல் லண்டனில் புத்தகமாக வந்தது. ஊரே படித்தது. அவர் கதையை நாடகக் கொட்டகையில் குதிரைகளோடு நடித்துக் காட்டினார்கள். 1845 டிசம்பரில் முட்கி சண்டையில் பட்ட காயத்தால் சேல் இறந்தார். விக்டோரியா ராணி சீமாட்டிக்கு ஆண்டுக்கு 500 பவுன் பென்ஷன் கொடுத்தார். உடம்பு தேற கேப் டவுனுக்குப் போனவர் 1853 ஜூலை 6ஆம் தேதி அங்கேயே இறந்தார். கல்லறை இருக்கிறது. அதில் பெயரும் இருக்கிறது.

பெயர் எழுதிய சுவர்

பம்பாய்க்குப் போகும் தோழர்கள் கொலாபாவில் ஒரு கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். பஸ் கண்டக்டர்கூட ஆப்கான் சர்ச் என்றுதான் சொல்வார். அந்தப் போரில் செத்தவர்களின் நினைவாகக் கட்டி 1858இல் திறந்தார்கள். அதன் சுவரில் செத்துப்போன அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? எழுதி முடியாத அளவுக்கு அதிகம் பேர் என்பதால் எழுதவில்லை என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அதிகாரிக்குப் பெயர். சிப்பாய்க்கு ஒரு வரி. பின்னால் வந்த சமையல்காரனுக்கும் புல்லறுத்தவளுக்கும் அந்த ஒரு வரியும் இல்லை.

இதற்கு நேர்மாறாக நம் நகர் ரோட்டிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. கோரேகான் தூண். அதையும் கும்பெனிதான் தன் பெருமைக்காக நட்டது. ஆனால் அதில் மாண்ட சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். அவர்களில் 22 பேர் மகார் வகுப்பினர். ஊருக்குள் விடாத, கிணற்றைத் தொட விடாத ஜாதி. பெயர் கல்லில் இருந்ததால்தான் 1927 ஜனவரி முதல் தேதி டாக்டர் அம்பேத்கர் அங்கே போய் நிற்க முடிந்தது. இவர்கள் எங்கள் முன்னோர்கள் என்று ஒரு ஜனக்கூட்டம் உரிமையோடு சொல்ல முடிந்தது. பெயர் எழுதப்பட்டால் என்றைக்காவது ஒருநாள் ஒருவர் வந்து உரிமை கேட்பார். இந்தக் காரணத்தால்தான் ஆளுகிறவன் பெயர் எழுதுவதில் அத்தனை சிக்கனமாக இருக்கிறான்.

நம் இடம் எது

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அந்தக் கதையில் நாம் சீமாட்டி அல்ல. நாம் அந்தப் பன்னிரண்டாயிரம் பேர். படை முன்னால் போனால் பின்னால் போகிறவர்கள்; கட்டடம் எழுந்தால் அதன் அடியில் தகரக் கொட்டகையில் இருப்பவர்கள்.

அது பழைய காலம் என்று சொல்லாதீர்கள். இந்த மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ஒரே 'கோய்தா' என்று கணக்கு வைக்கிறார்கள். கோய்தா என்றால் அரிவாள். இரண்டு மனிதர்கள் ஒரு அரிவாள்! முன்பணம் புருஷன் கையில்; வேலை இருவர் முதுகில். நம் கட்டட வேலையிலும் மேஸ்திரியின் நோட்டில் கணவன் பெயரை எழுதி, பக்கத்தில் "வீட்டம்மா" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லையா?

2020இல் ஊரடங்கு போட்டார்களே, நினைவிருக்கிறதா? இந்த ரோடுகளில்தான் ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக நடந்தார்கள். மே 8ஆம் தேதி ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள்மேல் சரக்கு ரயில் ஏறியது. அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள்: வீடு திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று. அப்படிப்பட்ட கணக்கு எதுவும் வைக்கப்படவில்லை என்று அரசு பதில் சொன்னது. கொலாபா சர்ச் சுவராவது அதிகம் பேர் என்று ஒப்புக்கொண்டது. இவர்கள் எண்ணவே இல்லை என்றார்கள்.

சேல் சீமாட்டியிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கையில் குண்டு பாய்ந்தபோதும், சிறையில் பேன் அரித்தபோதும், பேத்தி பிறந்தபோதும் அவர் எழுதினார். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று எழுதினார். அதனால் 180 ஆண்டு கழித்தும் அவர் பேசுகிறார். அந்தப் பழக்கம் சீமாட்டிகளுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஆகவே தாய்மார்களே, மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று: வேலை செய்யும் இடத்தில் வருகைப் பதிவில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சங்கத்தை அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு: கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கணவனின் பதிவு மட்டும் போதாது, ஆண்டில் 90 நாள் வேலை செய்த பெண்ணுக்கும் தனியே பதிவு உண்டு, அதைச் செய்துகொள்ளுங்கள். மூன்று: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்றைக்கு எந்த மேஸ்திரியிடம் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அதன் முதல் பக்கத்தில் உங்கள் பெயர், உங்கள் தாயின் பெயர், தெரிந்தால் பாட்டியின் பெயர், ஊர் எல்லாம் இருக்கட்டும்.

போன மாதம் சங்கப் பதிவேட்டைப் புரட்டினேன். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெண்கள் பெயர் பாதிக்குமேல் இல்லை. நாமே நம் வீட்டில் செய்யாததை மேஸ்திரியிடம் எப்படிக் கேட்பது? செயலாளர் தோழர் இதோ பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் டீ தருகிறார்கள். டீக்கு முன்னால் அந்த மேசைக்குப் போய் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.